ஆடலூர் ஏத்தத்துல சின்ன கார் திணறுதா? ‘எச்பி’ ஏத்த காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

திண்டுக்கல்லில் இருந்து தருமத்துப்பட்டி வழியாக ஆடலூர், பன்றிமலை பக்கம் சின்ன காரில் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். சமவெளி முடிந்து முதல் சில வளைவுகளைத் தாண்டியதும் காருக்குள் பேச்சு குறையும். பின் சீட்டில் இருந்து ஒரு குரல், “ஏசியை ஆஃப் பண்ணுப்பா” என்று சொல்லும். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தாலும் வண்டி முனகும், ஏறாது. கண்ணாடியில் பார்த்தால் பின்னாடி ஒரு பஸ்.

எனக்கும் நடந்தது. வீட்டில் இருப்பது பழைய 800 சிசி கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நாலு பேர், டிக்கி நிறைய பை. ஒரு வளைவு முடிந்து மேலே ஏறும் இடத்தில் எஞ்சின் ஆஃப். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஜீப்பில் வந்தவர் இறங்கி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “தேர்ட்லயா தம்பி ஏத்துனீங்க? ஃபர்ஸ்ட்ல எடுத்து செகண்ட்லயே போங்க, அவசரப்படாதீங்க” என்றார். ஏறிவிட்டது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக “சின்ன காரில் பவர் ஏத்துவது எப்படி” என்று தேட ஆரம்பித்தேன். ஐயாயிரம் ரூபாயில் 15 எச்பி என்று சொல்லும் வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு கடையில் ஃபில்டர், சைலன்சர், ‘சிப்’ மூன்றும் சேர்த்து 22,000 ரூபாய்க்கு ‘பேக்கேஜ்’ என்றார்கள். கொடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அதைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

ஒரு எச்பி-ன்னா எவ்வளவு?

நீராவி எஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட், தன் எஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குபவர்களுக்குப் புரிய வைக்கக் கண்டுபிடித்த அளவு இது. கார் விளம்பரங்களில் இப்போது ‘பிஎஸ்’ என்று வருவது அதன் மெட்ரிக் வடிவம். இரண்டுக்கும் வித்தியாசம் ரொம்பக் குறைவு. 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் ஒரு பிஎஸ். அதாவது நல்ல உடம்புள்ள ஒரு ஆளை, நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் மேலே இழுப்பது.

இந்த வரையறை மலைச்சாலைக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு மாருதி ஆல்டோ 800-ஐ எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர், 48 பிஎஸ், 69 நியூட்டன் மீட்டர் டார்க். 2023இல் தயாரிப்பு நின்றுவிட்டாலும் நம்ம ஊர் ரோட்டில் இன்னும் எங்கே பார்த்தாலும் இதுதான். நாலு பேரும் மூட்டை முடிச்சும் சேர்ந்தால் மொத்த எடை சுமார் 1,050 கிலோ. பத்து மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் மேலே ஏறுகிற சாலை என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கார் நொடிக்கு 8.3 மீட்டர் முன்னேறும், 0.83 மீட்டர் உயரும். 1,050-ஐ 0.83-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் வருவது 12-க்கும் கீழே. டயர் உராய்வு, காற்றுத் தடை எல்லாம் சேர்த்தாலும் 14 எச்பி தாண்டாது.

48 எச்பி கார். தேவை வெறும் 14. அப்புறம் ஏன் நின்றது?

விடை கியரில் இருக்கிறது. பிரோஷரில் போட்டிருக்கும் 48 எச்பி, எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றும்போது மட்டும் கிடைப்பது. அதிக டார்க் வருவது 3,500 சுற்றில். இந்த காரில் தேர்ட் கியரில் 30-இல் போனால் எஞ்சின் சுமார் 1,700 சுற்றில்தான் ஓடும். அந்தச் சுற்றில், மலை உயரத்தில், கியர்பாக்ஸில் தேய்ந்து போவதையும் கழித்தால் சக்கரத்துக்கு வருவது என் கணக்கில் பத்துப் பதினொரு எச்பி. தேவைக்குக் கீழே. அதே வேகத்தில் செகண்ட் கியர் போட்டால் எஞ்சின் 2,800 சுற்றுக்குப் போகும், சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட இருபது வரும். ஏறத்தாழ போட்ட கணக்குதான், ஆனால் விஷயம் இதுதான்: கியர் தண்டை ஒரு இடம் நகர்த்தியதில் பவர் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் போய்விட்டது. செலவு பூஜ்யம். 22,000 ரூபாய் பேக்கேஜ் இதில் பாதியைக்கூடத் தராது.

எஞ்சின் சத்தம் போட்டால் ‘கஷ்டப்படுது’ என்று நினைத்து மேல் கியருக்கு மாற்றுகிறோம் பாருங்கள், அதுதான் தப்பு. மேல் கியரில் முழு ஆக்சிலரேட்டரோடு தடதடவென்று அதிர்வதுதான் எஞ்சினுக்கு உண்மையான கஷ்டம்.

மேலே போகப் போக மூச்சு வாங்கும்

இன்னொரு பங்காளி, காற்று. பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துகொண்டே போகும். தோராயமாக ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம். டர்போ இல்லாத எஞ்சினில் பவரும் அதே அளவு குறையும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் 48 எச்பி எஞ்சின் கிட்டத்தட்ட 39 எச்பி எஞ்சினாகிவிடுகிறது. கீழ்ப் பழனி மலையில் இருக்கும் ஆடலூரில் இழப்பு இதைவிடக் குறைவு. மேலே குளிர் என்பதால் கொஞ்சம் திரும்பவும் கிடைக்கும், குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம்.

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இது டபுள் அடி. காற்று குறைந்தது கார்புரேட்டருக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பெட்ரோலை ஊற்றும், கறுப்புப் புகை வரும், இழுவை போகும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் சென்சார் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்ளும்.

டர்போ இருந்தால் மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளிவிடும், இழப்பு ரொம்பவும் தெரியாது. எலெக்ட்ரிக் காருக்கோ காற்றே வேண்டாம். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம் 4,300 மீட்டர் உயரத்தில் முடியும். அதை எட்டு நிமிடத்துக்குள் முடித்த முதல் கார், 2018இல் ஃபோக்ஸ்வாகனின் எலெக்ட்ரிக் வண்டி. நமக்கு அந்த பட்ஜெட் இல்லை, விடுங்க.

கடைக்காரர் நீட்டும் பட்டியல்

முதலில் கூம்பு மாதிரி இருக்கும் ‘பெர்ஃபார்மன்ஸ்’ ஏர் ஃபில்டர். சுத்தமான ஒரிஜினல் பேப்பர் ஃபில்டரே இந்தச் சின்ன எஞ்சினுக்குத் தேவையான காற்றைத் தாராளமாக விடும். கூம்பைப் போட்டால் கிடைப்பது ஒன்றோ இரண்டோ எச்பி, அதுவும் ஆறாயிரம் சுற்றை ஒட்டி. நீங்கள் மலை ஏறுவது மூவாயிரத்தில். இதில் இன்னொரு கோளாறு, பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் ஃபில்டர் எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றை இழுக்கும். சூடான காற்று மெல்லிய காற்று. காசு கொடுத்து எச்பியைக் குறைத்துக்கொண்ட கதை. சத்தம் மட்டும் நல்லா வரும், அதை வைத்து வேகம் கூடின மாதிரி இருக்கும்.

அடுத்து, ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். இங்கேயும் லாபம் மேல் சுற்றில்தான். பைப் அளவு சரியாக அமையாவிட்டால் கீழ்ச் சுற்றில் இழுவை குறையவும் செய்யும். “கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிடலாம் சார்” என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது. புகைப் பரிசோதனையில் மாட்டுவோம் என்பது ஒரு பக்கம். நாம் போவது காட்டுக்குள், காபித் தோட்டங்களுக்கு நடுவில்.

மூன்றாவது, இசியூ ரீமேப். எஞ்சினின் கம்ப்யூட்டரில் இருக்கும் அளவுகளை மாற்றி எழுதுவது. இது ஏமாற்று வேலை கிடையாது, நிஜமான தொழில்நுட்பம். ஆனால் டர்போ எஞ்சினில்தான் இதற்கு மரியாதை. 1.3 லிட்டர் டர்போ டீசல் ஸ்விஃப்ட் மாதிரி வண்டியில் 20 சதவீதம் வரை கூட்ட முடிகிறது, காரணம் டர்போவைக் கூடுதலாக ஊதச் சொல்லலாம். டர்போ இல்லாத 800 சிசி பெட்ரோலில் கூடுதல் காற்றுக்கு எங்கே போவது? ஐந்து சதவீதம் கிடைத்தாலே பெரிது. அதாவது இரண்டரை எச்பிக்கும் கீழே.

நான்காவது, ‘பிரீமியம்’ பெட்ரோல். 95, 100 ஆக்டேன் எல்லாம் பம்புகளில் கிடைக்கிறது. ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல, அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் குணம். அதிக அழுத்தத்துக்கு வடிவமைத்த எஞ்சினுக்குத்தான் அது தேவை. மலையில் காற்று மெலிவதால் ஆக்டேன் தேவையே குறையும். அமெரிக்கச் சமவெளிகளில் சாதா பெட்ரோல் 87 என்றால், ராக்கி மலை மாநிலங்களில் 85-ஐ விற்கிறார்கள். நாம் இங்கே மலை ஏறக் கூடுதல் காசு கொடுத்து 100 போடுகிறோம்!

எஞ்சினையே மாற்றுவதும் உண்டு. எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சினை மாருதி 800-க்குள் இறக்குவது ஒரு காலத்தில் கார் பைத்தியங்களிடையே பிரபலம். இழுவை பிரமாதமாக இருக்கும். பிரேக், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், ஆர்சி புத்தகம் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். ‘குறைந்த பட்ஜெட்’ என்ற வார்த்தை அங்கேயே செத்துவிடும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த, ஆர்சியில் பதிவான விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். இன்ஷூரன்ஸ்தான் உண்மையான பயம். மாற்றம் செய்ததைக் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டு, அந்த வண்டி மலையில் விபத்தில் சிக்கினால், க்ளெய்ம் மறுக்கப்பட வாய்ப்பு இருக்கிறது. ‘சிப் போட்டது யாருக்குத் தெரியும்’ என்பதை நம்பி எடுக்கிற ரிஸ்க் இல்லை இது.

தொலைந்த குதிரைகளைத் தேடுங்க

பத்து வருஷம் ஓடின காரில் பிரோஷரில் போட்ட 48 எச்பி இருக்காது. தொலைந்ததைத் திரும்ப எடுப்பதுதான் மலிவான ‘டியூனிங்’.

நான் ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது ஏர் ஃபில்டரைத் தட்டினால் மண் கொட்டியது. மாற்றச் சில நூறு ரூபாய். ஸ்பார்க் பிளக் மூன்றும் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தன. த்ராட்டில் பாடியில் கரி. பின் பிரேக் ஒன்று விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே மலை ஏறியிருக்கிறேன்! இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு வீல் பக்கத்திலும் கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிடிக்கிறது. டயர் காற்று குறைவாக இருந்தாலும் இதே கதைதான்.

கிளட்ச்சையும் பாருங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி, வேகம் கூடாமல், கருகின வாடை வருகிறதா? கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. எஞ்சினில் எத்தனை எச்பி இருந்தாலும் சக்கரத்துக்கு வராது. இந்த வகைக் காருக்கு ஐயாயிரம், ஆறாயிரம் ஆகலாம். பட்ஜெட்டில் பெரிய செலவு இதுதான், ஆனால் தப்பிக்க வழியில்லை. இதையெல்லாம் செய்தும் இழுவை வரவில்லை என்றால் கம்ப்ரெஷன் டெஸ்ட் கேளுங்கள். சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தால் எஞ்சினே தேய்ந்துவிட்டது. அப்போது ஃபில்டர், சைலன்சர் எதுவும் உதவாது.

சிஎன்ஜி போட்ட காருக்கு ஒரு இலவச டிப்ஸ் உண்டு. அதே ஆல்டோ 800 எஞ்சின் சிஎன்ஜியில் ஓடினால் 41 பிஎஸ், 60 நியூட்டன் மீட்டர்தான். அடிவாரத்திலேயே பெட்ரோல் சுவிட்சைத் தட்டிவிடுங்கள், ஏழு எச்பி ஓசியில் கிடைக்கும். ஏசியை அணைத்தால் இன்னும் ஒன்றிரண்டு. இதற்குமேல் எதையும் போல்ட் போட்டு மாட்ட வேண்டியதில்லை.

அப்புறம் எடை. மேலே போட்ட கணக்கில் 1,050-க்குப் பதிலாக 950 போட்டுப் பாருங்கள். ஏறத் தேவையான பவர் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் குறையும். ஊரில் இருந்து எடுத்துப் போகும் இருபது லிட்டர் தண்ணீர் கேன், மேலே மாட்டின கேரியர், டிக்கியில் வருஷக்கணக்காகத் தூங்கும் சாமான்கள் என்று எத்தனையோ இருக்கிறது. திரும்பும்போது மலைவாழை, ஆரஞ்சு, மிளகு வாங்குவீர்கள், அது வேற. இறங்கும்போது எடையைத் தூக்க வேண்டியதில்லை. நிறுத்த வேண்டும், அதைப் பிறகு பார்ப்போம்.

எடையைக் குறைத்து வேகம் எடுப்பதற்கு நம்ம மாநிலத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன், 1980களில் ‘ஃபார்முலா மாருதி’ என்ற ரேஸ் காரை உருவாக்கினார். அதன் எஞ்சின், சாதாரண மாருதி 800-இல் இருக்கும் அதே குட்டி 796 சிசி. வெளிநாட்டு எஞ்சினுக்குக் காசைக் கொட்டாமல், ஊரில் கிடைக்கிற மலிவான எஞ்சினை எடுத்து, ஒற்றை சீட்டுள்ள இலகுவான உடம்பில் வைத்தார். கதவு இல்லை, கூரை இல்லை, பின் சீட்டு இல்லை. சாமானியர்களுக்கும் எட்டுகிற செலவில் ரேஸ் ஓட்ட முடிந்தது அதனால்தான். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியைத்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஏறுறது பெரிசில்லை, இறங்கணும்

பவர் ஏற்றும் வீடியோக்களில் யாரும் பேசாத பகுதி இது. எனக்குக் கேட்டால் பட்ஜெட்டில் பாதியை இங்கேதான் போட வேண்டும்.

நாலு பேரோடு 1,050 கிலோ காரில் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஏற்றிய சக்தி முழுக்க எங்காவது சூடாக வெளியே போயாக வேண்டும். எவ்வளவு சூடு? முப்பது லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அதில் பெரும்பகுதியை நாலு சின்ன பிரேக்குகள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறின பழைய ஆயிலுக்கு அந்த எல்லை 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக் குமிழ்கள் வரும். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. உங்கள் காருக்கு எது என்று மூடியிலேயே எழுதியிருக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். பெரும்பாலானவர்கள் கார் வாங்கினதிலிருந்து மாற்றியதே இல்லை. நானும்தான்.

இறங்கும்போது செகண்ட் கியரில் விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். “பெட்ரோல் வேஸ்ட் ஆகுமே” என்று நியூட்ரல் போடுபவர்களுக்கு: இன்ஜெக்‌ஷன் கார்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்குங்கள், மலைச்சாலையில் ஏறுகிறவருக்குத்தான் முன்னுரிமை. ஏற்றத்தில் ஒரு முறை நின்றுவிட்டால் திரும்பக் கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

கடைசியில் நான் செலவு பண்ணினது: ஃபில்டர், பிளக், த்ராட்டில் பாடி கிளீனிங், பின் பிரேக் ஷூவோடு வீல் சிலிண்டர், பிரேக் ஆயில், கிளட்ச் செட். கூலியோடு சேர்த்து அந்த 22,000 பேக்கேஜில் பாதியைத் தொட்டது. இரண்டு வாரம் கழித்து அதே நாலு பேரோடு, ஒரு பையைக் குறைத்துக்கொண்டு ஆடலூர் ஏறினோம். அந்த வளைவில் செகண்ட் கியர், 25 கிலோமீட்டர் வேகம், ஏசி ஆஃப். பின்னாடி வந்த ஜீப் ஹாரன் அடித்தது. அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிட்டேன், திரும்பவும் ஃபர்ஸ்ட்டில் எடுத்தேன். இந்த முறை ஆஃப் ஆகவில்லை.